தண்ணீர் இல்லாத ஊருக்கு ஒரு பிரியதத்தம்

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் நான் வானத்துக்குப் போகிற கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பேன் என்று சொன்னால் எங்கள் கோவில் பெண்கள் சிரிக்கிறார்கள். "ஜெபமால சொல்ற பொம்பளைக்கு ராக்கெட்டு கத எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் போனேன். பிரெஞ்சை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பாதி புரியும், மீதியை நானாகப் போட்டு நிரப்பிக்கொள்வேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதிவைக்க வெகுநாளாக ஆசை. ஆனால் அதில் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதவும் மனசு வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ருஷியாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பின வருஷம் அது. புதுச்சேரியில் கொடி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறினாலும் என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில்தான் இருந்தார். பட்டாளத்துக்காரனை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். மாமனார் பழைய சொல்தா, சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். மகனும் அப்பாவைப் பார்த்து அதே வழியில் போனார். கல்யாணமாகி நாலாவது மாதம் கப்பல் ஏறியவர், அந்த வருஷம் அல்ஜேரியாவில், சண்டை நடக்கிற இடத்தில் இருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் வந்தால் அந்த மாதம் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஊருக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீடு. மாமா, அத்தை, நான், மூன்றே பேர். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் மழையில் கிணற்றடியில் மாமா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், கால் அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் கட்டில் போட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முதுகைத் தூக்கித் துடைத்துப் பவுடர் போட வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும்.

அத்தைக்கு அடுப்பங்கரை, மார்க்கெட்டு, கோவில். எனக்குக் கூடம். "புருஷன் ஊர்ல இல்லாதவளுக்குத் தெருவுல இன்னா வேலை?" என்பது அத்தையின் சட்டம். மாமா எழுந்து நடமாடிய காலத்தில் அவர் கூடவாவது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. மழைக்குத் தெரு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். முற்றத்துப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரியும். நவம்பர் முழுக்க நான் பார்த்த வெளியுலகம் அவ்வளவுதான்.

டிசம்பர் பிறந்ததும் ஒரு பெட்டி வந்தது. என் வீட்டுக்காரரோடு வேலை செய்த ஒருவர் லீவில் வந்தபோது கொடுத்தனுப்பியது. மாமாவுக்கு ஒரு பாட்டில், அத்தைக்குச் சால்வை, எனக்கு வாசனைச் சோப்பு. பாட்டில் உடையாமல் இருக்கச் சுற்றிலும் நாலு பிரெஞ்சுப் புத்தகங்களைச் செருகியிருந்தார். பத்திரிகை மாதிரி மெல்லிய அட்டை. ஒன்றில் சிவப்பு மணல்மேடும் அதில் பாதி புதைந்த ஒரு கப்பலும் போட்டிருந்தது.

"அடுப்பு மூட்ட ஆவும்," என்று அத்தை எடுத்து வைத்தார். நான் நாலையும் சேலைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன்.

மத்தியானம் மாமா கண்ணயரும்போது, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து படித்தேன். எல்லாம் சின்னச் சின்னக் கதைகள். ஒன்று, சிவப்பு மணல் மூடிய ஒரு கிரகத்தில் தன்னந்தனியாக யந்திரம் பழுது பார்க்கப் போனவனைப் பற்றியது. அங்கே மூன்று விரல் உள்ள மனிதர்கள் பேசாமல், வண்டு மாதிரி ரீங்காரம் போட்டே சங்கதி சொல்வார்கள். பொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்னொன்றில் கடலுக்கடியில் கண்ணாடி வீடு. இன்னொன்றில், போய்ச் சேர நூறு வருஷம் ஆகிற ஒரு வான்கப்பல். அதிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி தினமும் ஒரே நடையைக் கூட்டிப் பெருக்குவாள். பூமி என்று ஒன்று இருப்பதை அவள் நம்பவே மாட்டாள். அவளைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் அழுதேன். அழுதாலும் அன்று சாயந்திரம் விளக்குத் திரி திரிக்கும்போது மனசு லேசாக இருந்தது. தெருவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுமுறை வரப்போகிற சந்தோஷத்தில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு விடுமுறை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டவர் படைத்த வானம் இவ்வளவு பெரிசா என்று அப்போதுதான் யோசித்தேன். அது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொய் அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் நவநாள் வைப்போம். சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும், அயல்நாட்டுக்கு வேதம் போதிக்கப் போன சாமியார்கள் எழுதிய கடிதம் ஒன்றைப் படிக்க வேண்டும். அந்தக் கடிதங்களை அச்சடித்த பிரெஞ்சுப் பத்திரிகைகளை மாமா வருஷக்கணக்கில் ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் கண்ணில் படலம். பட்டாளத்தில் கட்டளைக்கும் வசவுக்கும் வேண்டிய பிரெஞ்சு தவிர வேறு தெரியாது. நான்தான் படித்துத் தமிழில் சொல்வேன். அந்த வருஷம் அவர் நவநாளை நேர்ச்சையாகவே வைத்தார். "ஒம்போது நாளும் கொறையில்லாம நடந்தா என் புள்ள நல்லபடி வருவான்," என்று சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுருபத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே செம்மண் புற்று. மழைக்குப் பிறகு பெட்டியை வெயிலில் வைப்பது என் வேலை. மாமாவைப் பார்க்கிற அமளியில் மறந்துவிட்டேன். கரையான் தாள் அத்தனையையும் அரித்திருந்தது. கூடத்தில் அத்தை ஜெபமாலையின் கடைசிப் பத்தை முடித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நான் கடிதத்தோடு போய் நிற்க வேண்டும். பயத்தில் எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. அரிக்காத அட்டை ஒன்றை உருவி, அதற்குள் சிவப்பு மணல் புத்தகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"பழசா, புதுசா?" என்றார் மாமா.

"புதுசு வந்திருக்குது மாமா."

யந்திரம் பழுது பார்க்கிறவனைச் சாமியாராக்கினேன். கிரகத்தின் பெயரை விழுங்கிவிட்டேன். மற்றபடி உள்ளது உள்ளபடி சொன்னேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, அவங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தாரா?"

"தண்ணியே கெடையாது மாமா அந்த ஊர்ல."

"தண்ணி இல்லாம ஞானஸ்நானம் எப்படிக் குடுக்கிறது?" அவர் குரலில் நிஜமான கவலை. "எந்தப் பக்கம் அது? ஆப்பிரிக்காவா?"

"அதுக்கும் அந்தாண்ட மாமா."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சைகோன்ல இத்தினி வருசம் இருந்த மனுசன், பக்கத்துல இருந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருப்பாரா கேளு. இப்போ எவனுக்கோ தண்ணி இல்லன்னு விசாரமாம்."

"நீ சும்மா இரு. மூணு வெரலுக்காரன் சிலுவை போட்டுக்குவானா மாட்டானான்னு நான் யோசிச்சிட்டிருக்கேன்."

மறுநாள் ஜெபமாலை முடிந்ததும், "தண்ணி இல்லாத அந்த ஊரு சனத்துக்காக ஒரு பிரியதத்தம்," என்றார். மூவரும் சொன்னோம். மாதாவைப் பார்த்து அந்த மந்திரத்தைச் சொல்லும்போது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குக் கண்ணாடி வீட்டுக் கதை. அதற்கு மறுநாள் வான்கப்பல். அதைக் காற்று இல்லாமல் நடுக்கடலில் நின்றுபோன கப்பல் என்று மாற்றினேன். மாமா ஒவ்வொரு நாளும் பொழுது எப்போது சாயும் என்று கேட்க ஆரம்பித்தார். வலியில் முனகுவது குறைந்தது. எனக்கும் அந்தக் கதைகளைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. ஆசையாகச் சொல்வேன், சொல்லி முடித்ததும் காலண்டரில் தேதியைப் பார்ப்பேன்.

ஏனென்றால் அந்த மாதக் கடிதம் வரவில்லை. பத்தாம் தேதி வாக்கில் வரவேண்டியது, இருபதாகியும் காணோம். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் சாத்திய ஜன்னல் வழியாகக் கேட்கும். என் புருஷன் உயிர்மேல் வைத்த நேர்ச்சையை நான் கதை சொல்லிக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. கோவிலுக்குப் போய்ச் சாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால் வாசலைத் தாண்ட முடியாது. வீட்டிலேயே சொல்லலாம் என்றால் வாய் வராது.

இருபத்து மூன்றாம் தேதி அத்தை மார்க்கெட்டிலிருந்து வந்து சொன்னார். "நாளைக்குக் காலைல சாமி நோயாளிங்களுக்கு நன்மை குடுக்க வராரு. உனக்கும் சேத்துக் கொண்டாரச் சொல்லிட்டேன். நொயேல் பண்டிகை அதுவுமா நன்மை வாங்காம இருப்பியா?"

பாவத்தோடு நன்மை வாங்கி, ஆண்டவருடைய அப்பத்தை நாக்கில் ஏற்பதை நினைக்கவே பயம். வாங்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். போதாததற்கு மாமா முகம் மலர்ந்து சொன்னார்:

"சாமி வரட்டும். அந்தத் தண்ணி இல்லாத ஊருக்காக ஒரு பூசை வைக்கணும்னு கேக்கப் போறேன். எந்த மறைமாவட்டம்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

அத்தை ரம்மில் ஊறிய திராட்சையைக் கேக் மாவில் போட உள்ளே போனார். நான் கட்டிலுக்கருகில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"அப்படி ஒரு ஊரு இல்ல மாமா. அது கத. உங்க புள்ள அனுப்பின பொட்டியில இருந்த கதப் பொஸ்தகம்."

அவர் தலையை மட்டும் திருப்பினார். "சாமியாரு?"

"சாமியாரும் இல்ல. அவரு மிஷின் ரிப்பேர் பண்றவரு."

"கப்பலு?"

"அதுவும் கதைதான்."

மாமா கேட்டார். "அப்போ ஏழு நாளா நான் யாருக்கும்மா வேண்டிக்கிட்டேன்?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும் ஆள். அன்று அவரால் முடிந்தது முகத்தைத் திருப்புவது மட்டும். எனக்கும் போக இடமில்லை. முதுகு துடைக்கும் நேரம் வந்தது. தூக்கினேன், துடைத்தேன். அவர் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது.

"பொட்டி இன்னாச்சு?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"கரையான் தின்னுட்டுது. நான் வெயில்ல வைக்க மறந்துட்டேன்."

"அதை ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாயால சொல்லியிருப்பேனே. பாதிக்கு மேல எனக்குப் பாடமாச்சே." குரல் உடைந்தது. "ஒரு பொட்டிக்குப் பயந்துகிட்டா என் புள்ள உசுரு மேல பொய் சொன்ன?"

"என் புருஷன் உசுரும் அதுதான் மாமா," என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைத் தேற்றவில்லை. "பொட்டியைக் கொண்டா" என்றார்.

புற்று மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தேன். சல்லடை மாதிரி தாள்கள். தொட்டால் உதிர்ந்தன. ஏழு நாள் பாக்கி, அன்றைக்குள்ளது ஒன்று, ஆக எட்டுக் கடிதம் பொழுது சாய்வதற்குள் படித்தாக வேண்டும் என்றார். படிக்க ஆரம்பித்தேன். ஓட்டை வந்த இடத்தில் நான் நிறுத்துவேன். அவர் தொடர்வார்.

"ஆத்துல ஓடம்..."

"ஓடம் கவுந்துச்சு. பூசைப் பாத்திரமெல்லாம் தண்ணியோட போச்சு. சாமியாரு ஒரு கட்டையைப் புடிச்சிக்கிட்டாரு. உம், அடுத்தது படி."

எந்த இடத்தில் தாள் கிழிந்ததோ அந்த இடத்தில் அவர் சொல்லச் சொல்ல, எனக்கு ஒன்று பட்டது. மை உறைந்துபோகிற குளிரில் யாரோ ஒருவர் பாஷை தெரியாத ஊரில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுதுகிறார். நான் ரசித்த கதைகளிலும் அதே தவிப்புதான். ஆனால் இது நடந்தது, அது நடக்கவில்லை. மாமாவுக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். அவர் நினைப்பு தப்பும் இல்லை. எட்டாவது கடிதம் முடிந்தபோது என் தொண்டை கட்டிவிட்டது. அத்தை விளக்கை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒன்பதாவதை மறுநாள் விடிந்ததும் முடித்தோம்.

சாமி வந்தார். மாமாவின் பாவசங்கீர்த்தனம் ஆனதும் நான் முன்னால் போய், "சாமி, என்னால கோவிலுக்கு வர முடியாது. என் பாவசங்கீர்த்தனத்தையும் கேக்கணும்," என்றேன். முற்றத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தை பார்க்கலாம், ஆனால் கேட்காத தூரம். எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சை, கரையான், பொய், மாமா வேண்டிக்கொண்டது. கடைசியில், செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா?"

"பொய்க்கு மனஸ்தாபப்படுறேன் சாமி. ஆனா அந்தக் கத படிச்சதுக்கு எனக்கு மனஸ்தாபம் வரல. வராம வந்துதுன்னு சொன்னா அது இன்னொரு பொய்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் கொஞ்சம் குலுங்கியது. "கதைக்கு யாரும்மா மனஸ்தாபப்படச் சொன்னது? பொய்க்குப் படு. மந்திரத்தைச் சொல்லு, இன்னும் நாலு வீடு பாக்கி."

பாவம் போயிற்று. பயம் போகவில்லை.

பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நான் உறையைக் கிழிக்கும்போதே மாமா கேட்டார், "தேதி இன்னா?"

"டிசம்பர் ஒம்போது."

"அது நவநாளுக்கு முன்னாடி." அவ்வளவுதான். மீதியைப் படித்தேன். அவர் காதில் வாங்கின மாதிரியே இல்லை. நவநாளுக்குப் பின்னால் எழுதிய கடிதம் வந்தால்தான் எங்கள் இருவருக்கும் மூச்சு. அத்தைக்கு இது எதுவும் தெரியாது. "கடுதாசி வந்தும் மூஞ்சை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று திட்டினார்.

ஜனவரி ஆறு, மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முந்தின நாள்வரை மாமா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மத்தியானம் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொஸ்தகம் இருக்குதா, உங்க அத்த அடுப்புல வெச்சுட்டாளா?"

"இருக்குது மாமா."

"படி. கதன்னே படி."

முதலிலிருந்து படித்தேன். மிஷின்காரனை மிஷின்காரனாகவே சொன்னேன். கிரகத்தின் பெயரையும் சொன்னேன். "செவ்வாயா? நீ ஆப்பிரிக்காவுக்கு அந்தாண்டன்னியே, கொஞ்சம் தூரம்தான்!" என்று சிரித்தார். சிரித்ததும் இடுப்பு வலித்துக் கத்தினார். ஜனவரி முழுக்க நாலு புத்தகத்தையும் இரண்டு தரம் படித்தோம். அடுத்தடுத்த வருஷங்களில் கிறிஸ்துமஸுக்கும் மூன்று ராசாக்களுக்கும் நடுவில் அதைப் படிப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஜனவரியில் படித்தது மாதிரி பிறகு எப்போதும் படித்ததில்லை. தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவேன். சத்தம் தாண்டிப் போகும். "உம்," என்பார் மாமா. தொடர்வேன்.

பிப்ரவரி முதல் வாரம் சத்தம் வாசலில் நின்றது. வேறு இடத்துக்கு மாற்றியதால் தாமதம் என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார். கிறிஸ்துமஸ் அன்று காவலுக்கு நின்றாராம், குளிராம், வேறொன்றும் இல்லையாம். மாமா தேதியை மூன்று தரம் சொல்லச் சொன்னார். அப்போதுதான் அவரைத் தலையணை வைத்து உட்கார வைக்க ஆரம்பித்திருந்தோம்.

"நீ போய்க் கோவில்ல ஒரு கும்புடு போட்டுட்டு வா," என்றார்.

"இவ எதுக்கு இந்நேரத்துல தெருவுல..." என்று அத்தை ஆரம்பித்தார்.

"நீ வந்து என்னைப் புடி. அவ போவட்டும்."

மூன்று மாதம் கழித்துப் படியிறங்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது, கால் தெருவுக்குப் பழக நேரமாயிற்று. மூலையில் பால்காரம்மா நிறுத்தினார். "இன்னா, ஆளையே காணோம், ஊருக்குப் போயிருந்தியா?"

"இல்ல, வீட்டுலதான் இருந்தேன்."

கோவிலில் யாருமில்லை. முழங்காலிட்டு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் நலமாக எழுதியது போன மாதத்துக்கு முந்தின மாதம். இன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று அந்தக் கடிதத்துக்குத் தெரியாது. நன்றியையும் வேண்டுதலையும் பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிட்டு, மாமா முதுகைத் துடைக்கும் நேரமாகிவிட்டதே என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் அறுபதாம் வருஷம் நல்லபடி வந்து சேர்ந்தார். எங்கள் நவநாளால் வந்தாரா, ஆண்டவர் முன்பே எழுதி வைத்தபடி வந்தாரா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. அதுவரை வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணி முடித்த பிறகுதான், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படிப்பேன்.